வெண்கலம் ஏறாத இடம்

திங்கட்கிழமைதான் அந்தக் காய்ச்சல் வரும். சனி, ஞாயிறு இரண்டு நாள் நல்ல காற்றைக் குடித்துவிட்டு வந்த நெஞ்சு, திங்கட்கிழமை உலைப்புகையைப் புது எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. மாலையில் சவேனி நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது நாக்கில் ஒரு தித்திப்பு ஊறும். சர்க்கரைத் தித்திப்பு இல்லை, செப்புக் காசை வாயில் அடக்கிக்கொண்ட தித்திப்பு. பிறகு முழங்காலில் குடைச்சல். வீட்டுப் படியேறும்போது பல் கிட்டிக்கொள்ளும். ஷம்சு முப்பத்தோரு வருஷமாக வார்ப்படப் பட்டறையில் மண் அச்சு குத்துகிறவன். பித்தளைக் காய்ச்சல் அவனுக்கு வாரம் தவறாமல் வரும் உறவுக்காரன். வரும், ஒரு ராத்திரி உலுக்கும், காலையில் சொல்லாமல் போய்விடும். இந்த மூன்று மாதமாக மட்டும் அது செவ்வாய்க்கிழமையும் போகாமல் நின்றது.

இரண்டு கம்பளிக்கு அடியில் சுருண்டு கிடந்தான். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. கரும்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் கடல் தகரம்போல மினுக்கிக்கொண்டிருந்தது. ஹவ்வா பால் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்க. ஆறிப்போவுது."

புகையைப் பால் முறிக்கும் என்று பட்டறையில் எல்லோரும் நம்பினார்கள். ஆளுக்கு அரை லிட்டர் பால் கொடுக்கப்போவதாக முதலாளி நரேந்திரா பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாடு இன்னும் கன்னுக்குட்டியா இருக்குது போல" என்று கூட உலையில் நிற்கும் கூட்டாளி பாலசுப்பிரமணி சொல்வான். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இந்திராவதி. பாலசுப்பிரமணியின் பெண்சாதி. நாலு வீடு தள்ளி வீடு. இருபது வருஷமாக நேரே அடுப்படிக்குள் வந்து பானையைத் திறந்து பார்க்கிறவள், புருஷன் செத்த பிறகு முற்றத்தோடு நின்றுவிடுகிறாள். மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்றுவிட்டு வந்த கூடை இடுப்பிலேயே இருந்தது.

"பாய், காய்ச்சலா?"

"திங்கக்கெழம ஆச்சே."

"அவுருக்கும் இப்டித்தான். ரெண்டு கம்பளி பத்தாது, மேல நீ ஏறி உக்காருன்னுவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கூடையை இறக்கி வைத்தாள். "சனிக்கெழம இஸ்கூல் வாசல்ல அந்த வெண்கல மூஞ்சியத் தெறக்குறாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"கல்லுல எழுத்து வெட்டியாச்சி. எம் புள்ள ஜித்தேன் போயி பாத்துட்டு வந்தான். சங்கத்துப் பேரு இருக்குது, தலைவர் பேரு இருக்குது, சிமிட்டி குடுத்தவன் பேருகூட இருக்குதாம். அவுரு பேரு இல்ல."

ஷம்சு பாலை எடுத்துக் குடித்தான். ஆறிவிட்டிருந்தது.

"தலைவர் ராமசாமி அண்ணங்கிட்ட போயி கேட்டேன். இன்னா சொன்னாரு தெரியுமா? நங்கோனா குடிச்ச கையோட வேலைக்கிப் போயி செத்தவன் பேர இஸ்கூல் வாசல்ல வெட்டி வெச்சா, புள்ளைங்க இன்னா கத்துக்கும்ன்றாரு. எதிர்ல ஒரு தொட்டி நங்கோனா வேரக் கரைச்சி, போதைக்கிக் கலக்கி வெச்சிக்கினுதான் சொல்றாரு."

ஹவ்வா அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"பாய், வெண்கலம் உருக்குன அந்த மூசையோட இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் அவுரு. எனக்கு அது மட்டும் சொல்லுங்க. கை நடுங்கிச்சா?"

"நடுங்கல."

"அல்லா மேல?"

"அல்லா மேல. நடுங்கல, தங்கச்சி."

"அப்ப அத வந்து சொல்லுங்க. அந்த அண்ணங்கிட்ட வந்து சொல்லுங்க. என் பேச்ச எவன் கேக்குறான்? நீங்க கூட நின்ன ஆளு. உங்க ஒரு வார்த்த போதும், பேரு ஏறிடும். எம் புள்ள அப்பன் பேரச் சொன்னா எதிர்ல இருக்கிறவன் சிரிக்கிறான், பாய். 'அந்த நங்கோனாக்காரனா'ங்கிறான்."

ஷம்சு தலையை ஆட்டினான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது நாலு கத்திரிக்காயைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

"சொல்றேன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொன்னா இன்னா?" என்றாள் ஹவ்வா.

"சொல்றேன்னுதான சொன்னேன்?"

"சொல்லல. தலைய ஆட்டுனீங்க."

கம்பளியை இழுத்து மூடிக்கொண்டான். கை நடுங்கவில்லை என்று சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. அது உண்மை. அதைச் சொன்ன அடுத்த நொடி எதிரில் இருப்பவன் கேட்பான்: அப்புறம் எதனால் வெடித்தது? அந்தக் கேள்விக்குப் பதில் இந்தப் பூமியில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் இரண்டு கம்பளிக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

கரும்பு வெட்ட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த கிர்மிட்டுக் கூலிகள் முதல் கப்பலில் வந்து இறங்கி நூறு வருஷம் ஆகிறது என்று தீவு முழுக்கக் கொண்டாட்டம். நம் ஆட்கள் அதற்கு இருபத்து நாலு வருஷம் கழித்துத்தான் மதராஸ் கப்பலில் வந்தார்கள். ஆனாலும் கொண்டாட்டத்தில் பின்தங்கலாமா என்று தென்னிந்தியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை, தன் பள்ளிக்கூட வாசலில் ஒரு கிர்மிட்டுக்காரனின் வெண்கல முகத்தை வைப்பதென்று முடிவு செய்தது. யார் முகம்? அங்கேதான் சிக்கல் வந்தது. கரும்பு வெட்டக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவனை யார் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்? குடியேற்றக் காகிதத்தில் உயரம் இருந்தது, ஜாதி இருந்தது, இடது மார்பில் தழும்பு என்று இருந்தது. முகம் இல்லை.

பள்ளிக்கூடத்தின் ஓவிய டீச்சர் ரஞ்சனா நியூசிலாந்தில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவள். வார்ப்பது பற்றிக் கேட்க லௌடோக்காவில் நரேந்திராவின் பட்டறைக்கு வந்தாள். உலை எதிரில் நின்று மூசைக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்த பாலசுப்பிரமணியைப் பார்த்தாள். நெருப்பு வெளிச்சத்தில் கன்னம் இரண்டும் குழிந்து, மூக்கு இடதுபக்கம் சாய்ந்து. பதினைந்து வயதில் லாரியிலிருந்து விழுந்த கரும்புக் கட்டு உடைத்த மூக்கு அது.

"இந்த முகம்தான்" என்றாள்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் உட்கார்ந்தான் பாலசுப்பிரமணி. ஐம்பத்தோரு வயதில் அவனுக்கு வெட்கம் வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு போனான். "மூக்குக் கோணல மட்டும் எடுத்துடு, டீச்சர்" என்று கெஞ்சினான். அவள் எடுக்கவில்லை. திங்கட்கிழமை பட்டறையில் அவனைத் தாங்க முடியாது.

"டேய் ஷம்சு, நாளைக்கி எம் மூஞ்சிக்கு மால போடுவானுங்க. பாத்துக்க. நீயும் அந்தப் பக்கம் போனா ஒரு சலாம் வெச்சிட்டுப் போ."

"உம் மூஞ்சிக்குச் செருப்பு மாலதாண்டா பொருந்தும்."

"போடு. உஞ் செருப்பா இருந்தா சரி. தேஞ்சி தேஞ்சி பூ மாதிரிதான் இருக்குது."

களிமண்ணில் செய்ததை ரஞ்சனா சுண்ணச்சாந்தில் எடுத்துக் கொண்டுவந்தாள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட உயரம். ஷம்சு அச்சுப் பெட்டியை எடுத்துவைத்தான். ஆற்று மண்ணில் ஆலைக்கழிவுப் பாகைப் பிசைந்து, முகத்தை மல்லாத்தி வைத்து, மேலே மண்ணைப் போட்டுக் குத்தினான். புரொப்பெல்லர் வார்த்திருக்கிறான், லாரி புஷ் வார்த்திருக்கிறான், மாரியம்மன் கோயிலுக்கு மணிகூட வார்த்திருக்கிறான். முகம் வார்த்ததில்லை. சின்ன வயதில் மதரஸாவில் உஸ்தாது சொன்னது மனசின் அடியில் கிடந்தது. உருவம் செய்தவனை மறுமையில் கூப்பிடுவார்கள். நீ செய்ததற்கு உயிர் கொடு பார்க்கலாம் என்பார்கள். பள்ளிவாசல் ஹஸரத்திடம் போய்க் கேட்டான். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ மண்ணு குத்துறவன். கூலிக்கி வேல செய்யிற. உன் மனசுல இருக்கிற நிய்யத்து இன்னான்னு அல்லாவுக்குத் தெரியும், போ" என்றார். போனான். மனசு போகவில்லை.

பெட்டியைப் புரட்டி, சுண்ணச்சாந்து முகத்தை மண்ணிலிருந்து எடுத்தான். அச்சில் எல்லாமே மறுபக்கமாக இருக்கும். மூக்கு குழியாக, உதடு குழியாக, கண்ணின் உருண்டை குழியாக. இரண்டு நாள் கரிச்சட்டி வைத்து உலர்த்தினான். பாகு கருகி வெல்லம் தீய்ந்த வாசனை பட்டறை முழுக்க அடித்தது. மூன்றாம் நாள் காலை விரல் முட்டியால் தட்டினான். மண் சட்டிபோல டங்கென்றது. காய்ந்துவிட்டது. மூடவேண்டியதுதான்.

அப்போதுதான் குனிந்து பார்த்தான். குழியாக இருக்கவேண்டிய முகம் மேலெழுந்து வந்து நின்றது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் குழி மேடாகத் தெரியும், கண்ணின் ஏமாற்று அது. முப்பத்தோரு வருஷத்தில் அவனுக்கே எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. ஆனால் அவன் இடதுபக்கம் நகர்ந்தபோது அச்சுக்குள் இருந்த பாலசுப்பிரமணியும் கூடவே திரும்பினான். வலதுபக்கம் போனான். முகம் அவனைத் தொடர்ந்து திரும்பியது. கோணல் மூக்கோடு, வாய் கொஞ்சம் திறந்து, ஏதோ கிண்டல் சொல்லப்போகிறவன்போல. மண்ணுக்குள் இருந்து உயிரோடு பார்த்தது. உயிர் கொடு என்று கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்தாகிவிட்டதா?

பக்கத்தில் ஈரமண் சட்டி இருந்தது. ஒரு கை எடுத்தான். இடது கண்ணை அடைத்தான், வலது கண்ணை அடைத்தான், மூக்குக் குழியை அடைத்தான், வாயை அடைத்தான். ஈரத் துணியால் தடவி, கடைசியில் நடுவிரலால் நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பாக வழித்தான். முகம் அடங்கிவிட்டது. தட்டைக் கல். மூச்சு வந்தது. வெண்கலம் ஏறவில்லை என்று சொல்லிவிடலாம். ஏறாமல் போவது வார்ப்பில் உள்ளதுதான். எவன் கண்டான்?

அடைத்த இடத்தில் நெருப்பு காட்டவேண்டும். அரைமணி நேரம் போதும். அது அவனுக்குத் தெரியாததல்ல. அச்சில் ஈரம் இருந்தால் உருகிய வெண்கலம் தொட்டதும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, போக இடமில்லாமல் வெடிக்கும். இந்தப் பாடத்தைப் பட்டறைக்கு வந்த எல்லோருக்கும் முதல்நாள் சொல்லிக்கொடுப்பவனே ஷம்சுதான். ஆனால் காய்ந்த அச்சுக்கு மறுபடி ஏன் நெருப்பு என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் வருவார்கள். ரஞ்சனா அன்றைக்கு வேறு வந்து நின்றிருந்தாள். குனிந்து பார்ப்பாள். உலையிலிருந்து பாலசுப்பிரமணி கத்தினான்:

"ஊத்தலாமாடா? பழம் பழுத்துடுச்சி!"

ஒரு கைப்பிடி ஈரம்தானே, அச்சின் சூட்டிலேயே காய்ந்துவிடும் என்று ஷம்சு நினைத்துக்கொண்டான். நம்பினானா என்றால் பாதி நம்பினான். மேல்பெட்டியைத் தூக்கி மூடினான்.

"ஊத்தலாம்" என்றான்.

மூசையைத் தாங்கும் இரும்பு வளையத்துக்கு இரண்டு பக்கமும் நீளக் கைப்பிடி. முன்னால் நின்று ஊற்றுகிறவன் பாலசுப்பிரமணி. பின்னால் தாங்குகிறவன் ஷம்சு. முந்தின ராத்திரி ஒரு கல்யாண வீட்டில் பாலசுப்பிரமணி நாலு சிரட்டை நங்கோனா குடித்திருந்தான், வாஸ்தவம். நங்கோனா குடிக்காத ஆண்பிள்ளை அந்த ஊரில் யார்? அவன் கை பாறை மாதிரி நின்றது. நூல் பிடித்ததுபோல வெண்கலம் இறங்கியது. முக்கால் பங்குக்குமேல் போய்விட்டது. பெட்டிக்குள் ஒரு விக்கல் கேட்டது. சின்ன விக்கல், குழந்தை விக்குவதுபோல. அடுத்த நொடி மேல்துளை வழியாக வெண்கலம் எழும்பி வந்து பாலசுப்பிரமணியின் கழுத்திலும் மார்பிலும் முகத்திலும் அடித்தது. ஷம்சுவுக்கு முன்கையில் நாலு சொட்டு. அவன் மூசையை விடவில்லை. பாலசுப்பிரமணியும் விடவில்லை. அதுதான் இன்றைக்கும் ஷம்சுவால் தாங்க முடியாதது. விட்டிருந்தால் மிச்ச வெண்கலம் பின்னால் நிற்கிறவன் காலில் கொட்டியிருக்கும். அது தெரிந்து, முகம் எரிய எரிய, மூசையை நேராகத் தரையில் இறக்கிவைத்துவிட்டுத்தான் பாலசுப்பிரமணி விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். தலை முழுக்கக் கட்டு. வாய்க்கு ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். ஷம்சு குனிந்தபோது அந்த ஓட்டையிலிருந்து காற்றுபோல ஒரு பேச்சு வந்தது.

"மூஞ்சி எப்டி வந்துச்சி?"

பெட்டியை அதுவரை யாரும் திறக்கவே இல்லை.

"நல்லா வந்துச்சிடா" என்றான் ஷம்சு.

கட்டோடுதான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். முகத்தைக் காட்டவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று இந்திராவதி கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதபோது பெண்கள் இழுத்துப் பிடித்தார்கள். "வெண்கலத்துல இருக்குதும்மா, உம் புருஷன் மூஞ்சி. எங்கியும் போவல" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மூன்று மாதம் இருந்தாள்.

சர்க்காரிலிருந்து விசாரிக்க ஒரு ஆபீசர் வந்தார். அவர் இங்கிலீஷில் கேட்க, நரேந்திரா அதை இந்துஸ்தானியில் திருப்பினார். அச்சு காய்ந்திருந்ததா? "சூக்கா?"

ஷம்சு முன்கைக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சூக்கா" என்றான். மூன்று மாதமாக அவனைத் தின்கிற பேச்சு அவ்வளவுதான். ஒரு சொல். அது தமிழ்ச் சொல்கூட இல்லை.

முந்தின ராத்திரி குடித்த நங்கோனாவைப் பற்றி நரேந்திராவே எடுத்துச் சொன்னார். ஊற்றியவரின் கவனக்குறைவு என்று காகிதம் வந்தது. பெட்டியைத் திறந்து வெண்கலத்தை எடுத்த அன்றைக்கு நரேந்திரா அந்த வழுவழுப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். ஷம்சுவைப் பார்த்தார். ஒரு சாக்கை எடுத்துப் போட்டு மூடினார். ஈர அச்சு என்று எழுதினால் பழி பட்டறைக்கு வரும். நங்கோனா என்று எழுதினால் செத்தவனோடு போய்விடும்.

சனிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டிருந்தார்கள். சிமெண்டுத் தூணின்மேல் மஞ்சள் துணி போர்த்திய முகம். ஷம்சு இஸ்திரி போட்ட சட்டையோடு போனான். ஹவ்வா கூட வந்தாள். "சொல்லிட்டு வாங்க" என்று அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

கிளைத் தலைவர் ராமசாமி பந்தலுக்குப் பக்கத்தில் மைக்செட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷன் இல்லை. பள்ளிக்கூடத்துக்காகச் சொந்தக் கரும்பு லாரியில் செங்கல் ஏற்றி இறக்கியவர்.

"அண்ணே, ஒரு விசயம்."

"சொல்லு பாய். உம் பேரு கல்லுல உட்டுப்போச்சா? அடுத்த தடவ போட்டுக்கலாம்."

"எம் பேரு இல்ல. பாலா பேரு. அவன் கை நடுங்கல. மறுபக்கம் புடிச்சவன் நான். அவன் மேல தப்பு இல்ல."

ராமசாமி அவனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "சரி. நம்புறேன். அப்ப எதனால வெடிச்சிச்சி? சொல்லு. அடுத்த மாசமே பேர வெட்டிப்புடறேன், எங் கையால. சர்க்கார் காயிதத்துல அவன் தப்புன்னு இருக்குது. ஒருத்தன் தலையில இருக்கிற சொமைய எடுக்கணும்னா, அத எங்கியாவது எறக்கி வெக்கணும் இல்ல? எங்க எறக்கட்டும்?"

ஷம்சுவின் நாக்கில் அந்தச் செப்புத் தித்திப்பு ஊறியது. இன்றைக்குத் திங்கட்கிழமை இல்லை.

"தெரியல, அண்ணே."

"தெரியலையா? நீதான அச்சு போட்டது?"

"தெரியல."

ராமசாமி அவன் தோளில் தட்டினார். "கூட்டாளிக்காகப் பேசுற. நல்ல மனசு" என்று சொல்லிவிட்டு மைக் பக்கம் போனார்.

"தாய்மார்களே, பெரியோர்களே, நம்ம முன்னோர்கள்..." என்று தமிழில் இரண்டு வரி பேசினார். எதிரில் பிள்ளைகள் முழித்துக்கொண்டிருந்தார்கள். இந்துஸ்தானிக்கு மாறிக்கொண்டார். துணியை இழுத்தார்.

தூணின்மேல் தலை இருந்தது. நெற்றி இருந்தது, கன்னக் குழி இரண்டும் இருந்தன, தாடை இருந்தது. நடுவில் எதுவும் இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே தட்டையாக, ஆற்றுக் கல்போல வழுவழுப்பாக இறங்கியது. ஆவி கிளம்பிய இடத்தில் மட்டும் அம்மைத் தழும்புபோலச் சில பள்ளங்கள். கண் எங்கே என்று ஒரு குழந்தை உரக்கக் கேட்டது. சிரிப்பு எழுந்தது. ராமசாமி விடவில்லை. பேர் தெரியாமல் கரும்புக் காட்டில் செத்துப்போன ஆயிரம் பேருக்கும் சேர்த்து இது, அதனால்தான் கண் மூக்கு வைக்கவில்லை, வெளிநாட்டில் எல்லாம் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். கைதட்டல் எழுந்தது. சுவாவிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரன் மூன்று பக்கமிருந்தும் படம் எடுத்தான்.

ரஞ்சனா ஷம்சுவின் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் அரைகுறைதான்.

"பாய் சாச்சா, நான் செஞ்சது இது இல்ல. ஆனா நான் செஞ்சதவிட இது பெருசு. பயமா இருக்கு பாத்தா." பிறகு, தனக்குத்தானே கேட்பதுபோல: "மெட்டல் ஏறாத எடம் கரடுமுரடா இல்ல இருக்கணும்? இவ்ளோ சாஃப்ட்டா எப்டி வந்துச்சி?"

"வெண்கலத்துக்குப் புத்தி ஏது, டீச்சர்" என்றான் ஷம்சு. அவள் தலையாட்டிக்கொண்டே போனாள்.

கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்தது. தூணுக்குப் பக்கத்தில் இந்திராவதி மட்டும் நின்றாள். கையில் செண்டுமல்லி மாலையும் ஒரு காகிதப் பொட்டலத்தில் குங்குமமும். ஜித்தேன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான், உள்ளே வரமாட்டேன் என்று. ஷம்சு போய்விடலாம் என்று திரும்பினான். கால் அவளிடம்தான் போனது.

அவள் இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்திருந்தாள். குருடி தடவுவதுபோலக் கன்னத்தைத் தடவினாள். தாடையைத் தடவினாள். "கன்னம் அவுருதுதான்" என்றாள். கை நடுவுக்கு வந்தது. வழுக்கியது.

"கண்ணு எங்க, பாய்?"

"வெண்கலம் அங்க ஏறல, தங்கச்சி."

"மூக்கு?"

"அதுவும் ஏறல."

"அந்தக் கோண மூக்க ஒரு தடவ பாத்துடலாம்னு வந்தேன்" என்றாள். அழவில்லை. மாலையைப் போட்டாள். காதுமடலில் மாட்டி நின்றது. பொட்டலத்தைப் பிரித்து விரலைக் குங்குமத்தில் தோய்த்தாள். தோய்த்த விரல் காற்றிலேயே நின்றது. மேலே கொண்டுபோனாள், கீழே கொண்டுவந்தாள்.

"நடு எதுன்னு தெரியல. புருவம் இருந்தா இல்ல வெக்கலாம்."

ஷம்சுவின் கை தானாக நீண்டது. யோசிக்கவில்லை. தேடவும் இல்லை. நேரே போய் ஒரு இடத்தில் விரல் வைத்தான். "இங்க" என்றான். "இதுக்கு இந்தப் பக்கம் ஒரு கண்ணு. அந்தப் பக்கம் ஒரு கண்ணு."

அவள் அந்த இடத்தில் பொட்டு வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. விரலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டதுபோலக் குனிந்து பார்த்தாள். பொட்டிலிருந்து தாடைவரை, வெண்கலத்தில், மெல்லிய மேடாக ஒரு தடம் இறங்கியது. அச்சில் விரல் போன தடம். குங்குமம் அந்தத் தடத்தின் ஓரமாகக் கொஞ்சம் உதிர்ந்து கோடாகிவிட்டிருந்தது. அவள் தன் விரலை அதன்மேல் வைத்து இழுத்துப் பார்த்தாள். தடம் அவள் விரலைவிட அகலம். திரும்பி ஷம்சுவின் கையைப் பார்த்தாள். மண் குத்திக் குத்திக் காய்த்துப்போன தடித்த விரல்கள்.

"ஏறாத எடத்துல வெரல் தடம் எப்டி வந்துச்சி, பாய்?"

பந்தியிலிருந்து இலை கேட்டுக் கத்தினார்கள். கடல் காற்று வந்து பந்தல் தார்ப்பாயை ஒரு தடவை தூக்கி அடித்தது. மிச்சக் குங்குமம் பொட்டலத்தோடு பறந்து, தங்கி நிற்க ஒரு மூக்கோ உதடோ இல்லாமல், அந்த முகத்தில் பட்டு வழுக்கித் தரையில் விழுந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷம்சு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பாலசுப்பிரமணிக்கு இரண்டு கண், ஒரு கோணல் மூக்கு, ஒரு வாய். இந்திராவதிக்கு ஒரு வார்த்தை: அச்சு ஈரமாக இருந்தது, ஈரத்தோடு மூடினவன் நான். ஷம்சு கொடுக்கவேண்டிய பாக்கி இவ்வளவு.